பேருந்து இல்லாத பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைக்கான பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கே வேண்டும் என்று உங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 2024-25 கல்வியாண்டிலிருந்து வருமான வரம்பே வைக்காமல் எல்லாக் குடும்பங்களுக்கும் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு பணம் தரும் வவுச்சரைத் திறந்துவிட்டது, தமிழ்நாடும் அந்த வழியில் யோசிக்கலாம் என்பது கட்டுரையின் சாரம். நான் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறேன். விருதுநகர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வேக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியருக்கு உதவியாளராக வேலை பார்க்கிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நாலைந்து பேராக உட்கார வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்குவது என் வேலை.

கட்டுரையில் சொன்ன சட்ட விவரங்கள் சரிதான். ஆனால் பள்ளித் தேர்வு உரிமைக்கு இந்த மண்ணில் எழுபது வருட வரலாறு உண்டு. அதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரலாறு தெரியாமல் இந்தத் திட்டத்தைத் தமிழ்நாட்டுக்குச் சிபாரிசு செய்வது சரியில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையர் பிள்ளைகளையும் அரசுப் பள்ளிகளில் சட்டம் போட்டுப் பிரித்து வைப்பது செல்லாது என்றார்கள். தெற்கு மாநிலங்கள் அதைத் தட்டிக்கழிக்கப் பல வழிகள் பார்த்தன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி 1959-ல் தன் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் மூடியே விட்டது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று தொடங்கி, அதற்கு அரசின் கட்டண உதவியும் கிடைக்கச் செய்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1964 வரை அரசுப் பள்ளியே இல்லை. ஐந்து வருடம். ஆறு வயதில் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய குழந்தை பதினொரு வயதில் முதன்முதலாக அகர வரிசை படிக்க உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று என் வேலையில் இருக்கிற எனக்குத் தெரியும்.

வட கரோலினா அவ்வளவு முரட்டுத்தனம் காட்டவில்லை. 1955-ல் இங்கே ஒரு சட்டம் செய்தார்கள். அதில் இனத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி என்பதை உள்ளூர்க் கல்வி வாரியம் முடிவு செய்யும். பிடிக்காவிட்டால் பெற்றோர் தனித்தனியாக மனுப் போடலாம். அவ்வளவுதான் சட்டம். அடுத்த வருடம் பியர்சால் திட்டம் வந்தது. கலப்புப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப மனமில்லாத பெற்றோருக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்தை அரசே கொடுக்கலாம் என்றும், ஊரார் வாக்களித்துத் தங்கள் அரசுப் பள்ளியை மூடிக்கொள்ளலாம் என்றும் மாநில அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். 1956 செப்டம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் அது பெரும் வித்தியாசத்தில் வென்றது. நீதிமன்றம் அதைத் தூக்கி எறிய 1960களின் பிற்பகுதி ஆகிவிட்டது. உங்கள் கட்டுரையாளர் புதுமை என்று எழுதிய கட்டண உதவி, இந்த மாநிலத்தில் ஒருமுறை சாசனத்திலேயே ஏறி இறங்கிய விஷயம்.

மனுப் போடும் உரிமை எப்படி வேலை செய்தது என்பதற்கு எங்கள் கவுண்டியிலுள்ள ராலே நகரமே சாட்சி. ஜோசப் ஹோல்ட் என்ற கறுப்பின மாணவனின் குடும்பம் 1956 முதல் வெள்ளையர் பள்ளியில் இடம் கேட்டு மனுப் போட்டது. மிரட்டல்கள் வந்தன, அப்பாவுக்கு வேலை போனது. வழக்கு, பையன் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுவரை இழுத்தது, கடைசியில் தோற்றது. 1960-ல்தான் பில் கேம்பல் என்ற ஏழு வயதுப் பையன் ராலேயின் வெள்ளையர் பள்ளி ஒன்றுக்குள் முதல் கறுப்பினக் குழந்தையாக நுழைந்தான். அவர் பிற்காலத்தில் அட்லாண்டா நகரத்தின் மேயரானார். ஒரு நகரம் முழுவதும் "உரிமை" இருந்தும், பிரவுன் தீர்ப்பு வந்து ஆறு வருடத்தில் உள்ளே போக முடிந்தது ஒரே ஒரு குழந்தைக்கு.

இதைவிடத் தெளிவான பாடம் வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுண்டியில் கிடைக்கிறது. சின்ன கிராமப்புறக் கவுண்டி. மொத்தம் இரண்டே பள்ளிகள்: கிழக்கே வெள்ளையருக்கு நியூ கென்ட் பள்ளி, மேற்கே கறுப்பினத்தவருக்கு ஜார்ஜ் வாட்கின்ஸ் பள்ளி. குடியிருப்பில் பிரிவினை இல்லை. இரு இனத்தவரும் கவுண்டி முழுக்கக் கலந்தே வாழ்ந்தார்கள். 21 பேருந்துகள் ஒரே சாலைகளில் ஒன்றையொன்று தாண்டிக்கொண்டு ஓடி, பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரித்து ஏற்றிக்கொண்டு போயின. வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பள்ளி என்று கோடு போட்டிருந்தாலே பிள்ளைகள் கலந்திருப்பார்கள். கல்வி வாரியம் அதைச் செய்யவில்லை. 1965-ல் "தேர்வுச் சுதந்திரத் திட்டம்" என்று அறிவித்தது. யார் வேண்டுமானாலும் எந்தப் பள்ளியையும் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்று வருடத்தில் ஒரு வெள்ளையர் குழந்தைகூட வாட்கின்ஸ் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 740 பேரில் 1967-ல் நியூ கென்ட் பள்ளிக்குப் போனவர்கள் 115 பேர். மற்றவர்கள் ஏன் போகவில்லை? அவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேலை கொடுப்பவர், கடன் கொடுப்பவர், நிலத்துக்குச் சொந்தக்காரர் எல்லாரும் வெள்ளையராக இருந்த ஊரில், விண்ணப்பத்தில் ஒரு பெட்டியில் டிக் அடிப்பதற்கே தைரியம் வேண்டியிருந்தது. 1968 மே மாதம் இந்தக் கவுண்டியைப் பற்றிய கிரீன் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பு இந்தத் திட்டத்தை ஏற்க மறுத்தது. பழைய பிரிவினையைக் கலைக்கும் சுமை கல்வி வாரியத்துடையது. அதைப் பிள்ளைகள் மேலும் பெற்றோர் மேலும் இறக்கி வைக்கக் கூடாது. உண்மையிலேயே பலன் தரும் திட்டத்தை, அதுவும் இப்போதே, வாரியம் கொண்டுவர வேண்டும் என்றது நீதிமன்றம். ஒருவருக்குத் தேர்வு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அரசு கைகழுவிக்கொள்ள முடியாது என்று சட்டத்தில் பதிந்த நாள் அது.

அப்புறம் ஷார்லட். இந்த மாநிலத்தின் மிகப் பெரிய நகரம். இந்தக் கதையில் இந்தியாவும் வருகிறது. நம் ஆட்கள் பலருக்கு அது தெரியாது. டேரியஸ் ஸ்வான் என்ற கறுப்பினப் பாதிரியாரும் அவர் மனைவி வேராவும் இந்தியாவில் மிஷனரிகளாகப் பணியாற்றிவிட்டு 1964-ல் ஷார்லட்டுக்குத் திரும்பினார்கள். ஆறு வயது மகன் ஜேம்ஸை, வீட்டருகே இரு இனத்தவரும் படித்த ஒரு தொடக்கப் பள்ளியில் சேர்த்தார்கள். அவன் அங்கே படிக்க முடியாது, கறுப்பினத்தவருக்கான பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்வான் கல்வி வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜேம்ஸ் ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் இந்தியாவில் இருந்தவன், இனப் பிரிவினை என்றால் என்னவென்றே அறியாதவன், எல்லாவிதமான மனிதர்களோடும் இயல்பாகப் பழகி வளர்கிறான், அந்த வளர்ச்சி தடைபடாமல் பார்த்துக்கொள்வது பெற்றோரான எங்கள் கடமை என்று அதில் சொல்லியிருந்தார். நம் நாட்டுப் பள்ளிகளில் சாதி எப்படியெல்லாம் நடந்துகொண்டது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிறுவனுக்கு இந்தியாவில் கிடைத்தது கலந்து பழகும் வாழ்க்கை. இந்தியாவில் கிடைத்ததைச் சொந்த நாட்டில் மறுத்தார்கள்.

அந்தக் கடிதம் வழக்கானது. வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸின் காரிலும் வீட்டிலும் குண்டு வைத்தார்கள். அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். அவர் விடவில்லை. 1971 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்வான் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: பிரிவினையைக் கலைக்கத் தேவையானால் பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிக்கு அனுப்பலாம். முதலில் ஊரே கொந்தளித்தது. பேருந்துச் சுமை அதிகம் விழுந்ததும் கறுப்பினப் பிள்ளைகள் மேல்தான். அதை மறைக்கக் கூடாது. தெற்கு முழுக்கக் கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டபோது பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் ஷார்லட்டில் பணக்கார வெள்ளையர் பகுதிப் பிள்ளைகளும் நகரத்தின் பழைய கறுப்பினப் பள்ளியான மேற்கு ஷார்லட் உயர்நிலைப் பள்ளிக்குப் பேருந்தில் போனார்கள். 1974-ல் பாஸ்டன் நகரம் இதே விஷயத்தில் கல்லெறிந்துகொண்டிருந்தபோது, அங்கிருந்து மாணவர்களை வரவழைத்து எங்கள் பள்ளி எப்படி நடக்கிறது பாருங்கள் என்று காட்டினார்கள் மேற்கு ஷார்லட் மாணவர்கள். 1984 அக்டோபரில் ஜனாதிபதி ரீகன் ஷார்லட்டுக்கு வந்து, பேருந்துத் திட்டம் யாருக்கும் வேண்டாத, தோற்றுப்போன சோதனை என்று மேடையில் சொன்னபோது கூட்டத்தில் கைதட்டல் இல்லை. மறுநாள் அந்த ஊர் நாளிதழ், நீங்கள் சொன்னது தவறு என்று ஜனாதிபதிக்கே தலையங்கம் எழுதியது.

நாடு முழுக்க எடுத்த தேசியத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண்ணில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இருந்த இடைவெளி 1971-ல் 39 புள்ளி, 1988-ல் 18. அதற்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் தெற்குப் பள்ளிகள் மிக அதிகமாகக் கலந்திருந்த காலமும் அதுவே.

பிறகு என்ன ஆயிற்று? 1990களில் ஷார்லட்டுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பம் ஒன்று, சிறப்புப் பாடங்கள் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் தங்கள் மகளுக்கு இனத்தின் காரணமாக இடம் கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டது. 1999-ல் மாவட்ட நீதிபதி, பழைய பிரிவினை தீர்ந்துவிட்டது, இனி இனம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து அனுப்பத் தேவையில்லை என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. 2002-ல் "குடும்பத் தேர்வுத் திட்டம்" வந்தது. வீட்டருகே இருக்கும் பள்ளியில் இடம் நிச்சயம். வேறு பள்ளி வேண்டுமானால் விருப்பத்தை வரிசையாக எழுதிக் கொடுக்கலாம். சில வருடங்களிலேயே பள்ளிகள் பழையபடி பிரிந்தன. ஒரு காலத்தில் பாஸ்டன் மாணவர்களுக்கு வழிகாட்டிய மேற்கு ஷார்லட்டில் இன்று வெள்ளையர் பிள்ளைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பேருந்துத் திட்டம் நின்றதன் விளைவை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர்கள், சிறுபான்மையினர் குவிந்த பள்ளிக்கு மாற்றப்பட்ட பிள்ளைகளின் மதிப்பெண், அவர்கள் எந்த இனமானாலும், குறைந்ததையும், சிறுபான்மை இன ஆண்பிள்ளைகளிடையே குற்ற வழக்குகள் கூடியதையும் கண்டார்கள்.

அதே ஷார்லட்டில் நடந்த இன்னொரு சோதனையை உங்கள் கட்டுரையாளர் படிக்க வேண்டும். பள்ளிகளின் தேர்ச்சி விவரத்தை எளிமையாக ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தபோது, ஏழைக் குடும்பங்கள் நல்ல தேர்ச்சியுள்ள பள்ளியைத் தேர்ந்தெடுப்பது கூடியது. அதுவரை அவர்கள் கையில் இருந்த விவரக் கையேட்டில் தேர்ச்சி எண்ணே இல்லை. விருப்பம் இல்லாமல் இல்லை, விவரம் எட்டவில்லை.

சரி, இப்போது நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். வட கரோலினாவில் 1996-ல் வந்த சட்டத்தின்படி சார்ட்டர் பள்ளிகள் உண்டு. அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளிகள். கட்டணம் இல்லை, குலுக்கலில் இடம். மாநிலம் முழுக்க 100 பள்ளிகளுக்கு மேல் கூடாது என்று இருந்த வரம்பை 2011-ல் எடுத்துவிட்டார்கள். இந்தப் பள்ளிகள் பேருந்து விட வேண்டும் என்றோ, மதிய உணவுத் திட்டத்தில் சேர வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. சில பள்ளிகள் தாமாகவே இரண்டையும் செய்கின்றன, அவற்றைப் பாராட்டுகிறேன். பல பள்ளிகள் செய்வதில்லை.

என் வாசிப்புக் குழுவில் ஒரு கறுப்பினப் பையன் இருந்தான். பாட்டி வளர்ப்பு. கூர்மையான பிள்ளை, படம் பார்த்தே கதையை முன்னாடி சொல்லிவிடுவான். அந்தப் பாட்டி ஒரு விடுதியில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். பேரனுக்காகக் குலுக்கலில் பெயர் கொடுத்து, நல்ல பெயருள்ள சார்ட்டர் பள்ளியில் இடமும் கிடைத்தது. பள்ளி அலுவலகத்தில் விடைபெற வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். ஆனால் பள்ளி ஊரின் மறுகோடியில். பேருந்து கிடையாது. காலையில் கொண்டுவிட்டு மதியம் வேலை நடுவில் போய் அழைத்து வர வேண்டும். தினமும் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்க வேண்டும். எங்கள் பள்ளியிலோ காலைப் பலகாரமும் மதிய உணவும் அவனுக்கு இலவசம். பக்கத்து வீட்டுக்காரரின் காரை நம்பிக் கொஞ்ச நாள் ஓட்டினார். அக்டோபருக்குள் பையன் எங்களிடமே திரும்பி வந்துவிட்டான். நடுவில் விட்ட பாடத்தைப் பிடிக்கவே அவனுக்குக் குளிர்கால விடுமுறை வரை ஆனது. புள்ளிவிவரத்தில் அந்தப் பாட்டி "தேர்வு செய்தவர்" என்று இருப்பார். அதே பள்ளியில் இடம் கிடைத்த எங்கள் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு கார்கள், வீட்டிலிருந்து கணினியில் பார்க்கிற வேலை, பிள்ளைகளை மாற்றி மாற்றி அழைத்துப் போக ஒரு வாட்ஸாப் குழு எல்லாம் இருக்கின்றன. ஒரே குலுக்கல், ஒரே சட்டம்.

வவுச்சர் இதைவிட ஒரு படி கீழே. 2014-ல் ஏழைக் குடும்பங்களுக்கென்று தொடங்கியது. மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அனுமதித்தது. 2023-ல் வருமான வரம்பையும், முன்பு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். 2024-25-ல் தொகை வருமானத்தைப் பொறுத்து வருடத்துக்கு ஏறத்தாழ 3,400 முதல் 7,500 டாலர் வரை இருந்தது. ராலே வட்டாரத்தின் பெயர்பெற்ற தனியார் பள்ளிகளில் கட்டணம் 25,000 டாலரைத் தாண்டும். மீதியைக் கொடுக்க முடிந்தவருக்கு இந்தப் பணம் தள்ளுபடி. முடியாதவருக்கு அந்தப் பள்ளியின் கேட்கூடத் திறக்காது. வரம்பை எடுத்த முதல் வருடம் புதிதாகப் பணம் பெற்றவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள். காத்திருப்போர் பட்டியலைத் தீர்க்க 2024 நவம்பரில் ஆளுநரின் மறுப்பையும் மீறிச் சட்டமன்றம் 46 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. இனத்தைக் காட்டி இடம் மறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் நுழைவுத் தேர்வு வைக்கலாம், மதம் பார்க்கலாம், தனிக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளையை எங்களால் முடியாது என்று அனுப்பிவிடலாம். தேர்ந்தெடுப்பது பெற்றோர் என்று கட்டுரை சொல்கிறது. கடைசியில் தேர்ந்தெடுப்பது பள்ளிதான்.

பள்ளித் தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேக் கவுண்டியே அதற்கு நல்ல உதாரணம். 1976-ல் ராலே நகரப் பள்ளிகளையும் சுற்றுப்புறக் கவுண்டிப் பள்ளிகளையும் ஒரே நிர்வாகமாக இணைத்தார்கள். டெட்ராய்ட்டில் இது நடக்கவில்லை. நகரத்துக்கும் புறநகருக்கும் நடுவே பிள்ளைகளை அனுப்பச் சொல்ல முடியாது என்று 1974-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று சொல்லிவிட, அங்கே நகரப் பள்ளிகள் ஏறக்குறைய முழுக்கக் கறுப்பினப் பள்ளிகளாகிவிட்டன. இங்கே இணைத்ததால் நகரத்தின் நடுவிலிருந்த பழைய பள்ளிகளுக்கு 1980களில் இசை, நாடகம், அறிவியல், கூடுதல் மொழிகள் என்று சிறப்புப் பாடங்கள் கொடுத்து, மேக்னட் பள்ளிகள் என்று பெயரிட்டு, புறநகர்ப் பிள்ளைகளைப் பேருந்து விட்டு வரவழைக்க முடிந்தது. 2000-ல் இனத்துக்குப் பதில் வருமானத்தை அளவாக வைத்தார்கள்: எந்தப் பள்ளியிலும் இலவச அல்லது சலுகை உணவு பெறும் பிள்ளைகள் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இலக்கு. 2009 தேர்தலில் வந்த புதிய வாரியம் மறு வருடம் ஐந்துக்கு நாலு வாக்கில் அதை ரத்து செய்தது. வில்லியம் பார்பர் என்ற பாதிரியார் வாரியக் கூட்டத்திலேயே கைதானார். நான் இங்கே வந்த புதிது. பள்ளிக்கூட விஷயத்துக்காக இத்தனை பேர் தெருவில் இறங்குவார்களா என்று ஆச்சரியப்பட்டுப் பார்த்தேன். 2011-ல் மக்கள் அந்தப் பெரும்பான்மையை மாற்றினார்கள். ஆனால் பழைய 40 சதவீத விதி திரும்பவில்லை.

என் மகள் நடுநிலை வகுப்புக்கு ராலேயின் தென்கிழக்கில் இருக்கும் லிகன் மேக்னட் பள்ளிக்குப் போனாள். நாங்கள் வசிக்கும், ராலேயை ஒட்டிய கேரியில் பொது நிறுத்தம் வரை நான் காரில் கொண்டுவிடுவேன், அங்கிருந்து பேருந்து. 1953-ல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று திறந்த உயர்நிலைப் பள்ளி அது. அவளோடு வயலின் வாசித்த தோழியின் பாட்டி அதே கட்டடத்தில் படித்தவர். வெள்ளையர் பள்ளியில் பயன்படுத்தித் தள்ளிய பாடப்புத்தகங்கள்தான் தங்களுக்கு வந்தன என்றும், முதல் பக்கத்தில் வேறு பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும் என்றும், ஆனால் தன் ஆசிரியைகளைப் போலக் கண்டிப்பும் பாசமும் உள்ளவர்களைப் பிறகு பார்க்கவில்லை என்றும் சொன்னார். என் மகள் அமெரிக்க வரலாற்றை அந்த அம்மாவின் சமையலறை மேசையில் கற்றாள். கேரியில் இணையத்தில் பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டிருக்கும் பள்ளியில் அவள் கணக்கு நன்றாகவே படித்திருப்பாள். இது கிடைத்திருக்காது.

நம் தமிழ்ச் சமூகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சனி, ஞாயிறு தமிழ்ப் பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோர் பேச்சில் முதலில் வருவது இணையத்தில் பள்ளிக்குப் போட்டிருக்கும் எண். "எட்டுக்குக் கீழே இருந்தா வீடே பார்க்காதீங்க" என்று புதிதாக வந்தவர்களுக்கு அக்கறையோடு அறிவுரை சொல்கிறார்கள். அந்த எண்ணில் பெரும்பகுதி பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண். அது குடும்ப வருமானத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். ஆசிரியர் எப்படிச் சொல்லித் தருகிறார் என்பது அதில் தெரியாது. அந்த எண்ணைப் பார்த்து எல்லாரும் ஒரே பக்கம் வீடு வாங்குகிறோம், அங்கே வீட்டு விலை ஏறுகிறது, ஏழைகள் வர முடியாமல் போகிறது. மேற்குக் கேரியிலும் பக்கத்து ஊரான மோரிஸ்வில்லிலும் சில வகுப்பறைகளில் இன்று நம் நாட்டுப் பிள்ளைகளே அதிகம். கறுப்பினப் பிள்ளை ஒருவரோடும் பழகாமல் பள்ளிப் படிப்பை முடிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

இது கறுப்பர், வெள்ளையர் சண்டை, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1927-ல் மிசிசிப்பி மாநிலத்தின் ரோஸ்டேல் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த சீனக் குடும்பம் ஒன்றின் மகள் மார்த்தா லம் வெள்ளையர் பள்ளியில் படிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆசியரும் "நிறமுள்ளவர்" கணக்கில்தான் வந்தார்கள். அந்தக் கணக்கை உடைத்தது கறுப்பின மக்களின் போராட்டம். நாம் இந்த நாட்டுக்குள் வர வழிவிட்ட 1965 குடியேற்றச் சட்டமும் அந்தப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில்தான் வந்தது. அவர்கள் திறந்த கதவு வழியாக வந்துவிட்டு, அவர்கள் பிள்ளைகள் இருக்கும் பள்ளியைத் தவிர்ப்பதற்காகவே வீடு மாறுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

தமிழ்நாட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகள் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும், அவர்களைத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்று இருக்கிறதே, அது கட்டுரையாளர் புகழும் வட கரோலினா வவுச்சரில் இல்லாத பாதுகாப்பு. நம் சட்டத்தில் கடமை பள்ளியின் மேல் இருக்கிறது. அதை ஒழுங்காக நடத்தச் சொல்லிக் கேளுங்கள், அந்த இடங்களுக்காகத் தனியார் பள்ளிகளுக்கு அரசு கொடுக்க வேண்டிய பணத்தைத் தாமதமில்லாமல் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வவுச்சர் பற்றி அடுத்த முறை எழுதும்போது, பணம் வாங்கும் பள்ளி வருகிற பிள்ளையைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டுமா, பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, வேலை மாற்றலில் இந்த வட்டாரத்துக்கு வரப்போகும் குடும்பங்கள் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு தகவல். வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் வேக் கவுண்டி மேக்னட் பள்ளிகளின் பட்டியலைப் பாருங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பத்தை முன்கூட்டியே வாங்குகிறார்கள். அதற்கு முன் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தென்கிழக்கு ராலே பள்ளிகளில் ஒன்றுக்குள் போய் ஒரு வகுப்பையாவது உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் எந்தப் பக்கம் வீடு என்று முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கேரி, வட கரோலினா